உலைமலைக்கும் முவைலாவுக்கும் ஒரே மணி

முவைலா, ஷார்ஜா
டிசம்பர் முதல் வாரம்

அன்புள்ள விஷாலுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம். உன் சுகத்தையும் உன் மலையின் சுகத்தையும் சேர்த்தே எழுது. உன்னை மட்டும் கேட்டுவிட்டு மலையைக் கேட்காமல் விட்டால் உனக்குக் கோபம் வரும் என்று எனக்குத் தெரியும்.

கடிதமா என்று சிரிக்காதே. போனில் நீ பேசுவது மொத்தமே மூன்று வாக்கியம். ஓகேம்மா, சாப்பிட்டேம்மா, சிக்னல் போகுதும்மா. அதனால்தான் டியூஷன் பிள்ளைகள் விட்டுப்போன நோட்டில் பேனாவால் எழுதி, போட்டோ எடுத்து அனுப்புகிறேன். மலையை விட்டு இறங்கும்போது வந்து சேரட்டும். நீ தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய். படி. வெள்ளிக்கிழமைதோறும் உன்னை உட்கார வைத்து எழுதப் பழக்கியபோது, ஷார்ஜாவில் பிறந்தவனுக்கு இதெல்லாம் எதற்கு என்று இங்கிலீஷில் சண்டை போட்டாயே, இதற்குத்தான். படித்து முடிக்கிற வரைக்குமாவது என் பக்கத்தில் இருப்பாய்.

இங்கே வெயில் தணிந்துவிட்டது. ஏசியை அணைத்துவிட்டு பால்கனிக் கதவைத் திறந்து வைத்திருக்கிறேன். சாயங்காலம் டியூஷனுக்குப் பத்துப் பிள்ளைகள் வருகிறார்கள். பின்னத்தைக் கண்டால் எல்லாருக்கும் காய்ச்சல். அப்பா எப்போதும் போல ஏழு மணிக்கு டியூட்டிக்குப் போய், ஏழு மணிக்குத் திரும்பி, எதைச் சொன்னாலும் பாத்துக்கிடலாம் என்கிறார். வீட்டில் தண்ணீர் வரவில்லை என்றாலும் அதேதான், பிள்ளை எரிமலையில் நிற்கிறான் என்றாலும் அதேதான்.

எதிர் ஃபிளாட் ருக்கையா உன்னைப் பற்றிக் கேட்காத நாள் இல்லை. எரிமலை என்றால் கூம்பாக நிற்கும், உச்சியில் ஓட்டை இருக்கும், ஒருநாள் டமார் என்று வெடிக்கும் என்றுதான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். நீ சொல்கிற வரைக்கும் நானும் அப்படித்தான் நினைத்தேன். உன் மலை அந்த வகை இல்லை, கேடயத்தைக் கவிழ்த்து வைத்தது போல அகலமாகப் படுத்துக் கிடக்கிறது, அதற்குக் கேடய எரிமலை என்றே பெயர் என்று விளக்கினேன். கெட்டி மாவை ஊற்றினால் ஊற்றின இடத்திலேயே குவியும், நீர்க்கக் கரைத்த மாவு கல் முழுக்க ஓடும், இந்த மலைக்குள்ளே கொதிப்பது நீர்த்த மாவு என்று நீ சொன்னதை அப்படியே ஒப்பித்தேன். ஓடி ஓடி, காய்ந்து காய்ந்து, அடுக்கு மேல் அடுக்காகத்தான் கடலுக்கு நடுவில் அந்தத் தீவே எழும்பி வந்தது என்றதும் அவள் வாயைப் பிளந்துவிட்டாள். அப்ப புள்ள தோசைக் கல்லு மேலயா நிக்கிறான் பானுக்கா என்று கேட்டாள் பார், எனக்கு அதுவரைக்கும் இருந்த தைரியமும் போய்விட்டது.

அந்த மலைக்குப் பிரெஞ்சுக்காரர்கள் வைத்த பெயர் என் வாயில் நுழையவில்லை. உலை என்று அர்த்தம் வரும் என்றாயே, ஆகவே எனக்கு அது உலைமலை. ரீயூனியன் தீவு எங்கே இருக்கிறது என்று அப்பா சுவர் வரைபடத்தில் காட்டினார். ஆப்பிரிக்காவுக்கும் கிழக்கே, ஒரு பேனாப் புள்ளி. ஆனாலும் எனக்கு ஒரு ஆறுதல் இருக்கிறது. உன் தீவுக்கும் முவைலாவுக்கும் ஒரே மணி. ஊரில் இருக்கிற என் தங்கைக்கு போன் செய்வதற்கே ஒன்றரை மணி நேரம் கூட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது. உனக்கு அது வேண்டாம். நான் காபி போடும்போது நீயும் எழுந்திருப்பாய் என்று நினைத்துக்கொள்வேன்.

உனக்கு அறை கொடுத்திருக்கும் முத்துசாமி அம்மாவின் கால்வலி எப்படி இருக்கிறது? முத்துசாமி என்று பெயர் இருக்கிறது, வாசலில் மஞ்சள் செவ்வந்தி இருக்கிறது, தமிழ் மட்டும் ஒரு சொல் வராது என்றால் எனக்கு நம்பவே முடியவில்லை. கரும்பு வெட்டப் போன அவர்களுடைய பாட்டன் பூட்டன் காலத்தோடு பேச்சு நின்றுவிட்டது போல. அவர்களுக்கு என் வணக்கத்தைச் சொல். நீ சொன்னால் புரியும்.

இனி முக்கியமான விஷயம். இதைப் படிக்கும்போது போனை நோண்டாதே. உன் விசா. இருபத்தைந்து முடிந்த ஆண்பிள்ளைக்கு அப்பா பெயரில் புது விசா கிடையாது. அதனால்தான் உன் பிறந்தநாளுக்கு முன்பே, ஏப்ரலில், அப்பா அதைப் புதுப்பித்து வைத்தார். இன்னும் ஒரு வருஷத்துக்கு மேல் உயிர் இருக்கிறது. ஆனால் ஆறு மாதம் தொடர்ந்து வெளியே இருந்துவிட்டால் அது செத்துப்போகும். செத்தால் செத்ததுதான், உன் வயதுக்கு மறுபடி எடுக்க முடியாது. நீ ஆகஸ்ட் நடுவில் தீவுக்குப் போனாய். பிப்ரவரி நடுப்பகுதி வரைக்கும் கெடு. பிப்ரவரி முதல் வாரத்தில் வா. இரண்டு நாள் இருந்து, வயிறாரச் சாப்பிட்டு, தலைமுடியை வெட்டிக்கொண்டு போ. இங்கே வந்து காலை வைத்தால் போதும், அடுத்த ஆறு மாதம் புதிதாக ஓட ஆரம்பித்துவிடும். இங்கே எல்லாரும் செய்வதுதானே.

எரிமலை ஆய்வு நிலையத்தில் ஒரு வருஷ ஒப்பந்தம் போட்டுத் தீவில் இருக்கிறவனுக்கு ஷார்ஜா விசா எதற்கு என்று போன தடவை கேட்டாய். அப்பாவுக்கு இன்னும் இரண்டு வருஷம் வேலை இருக்கிறது. அதற்குப் பிறகு நாங்களும் இந்த வீட்டைக் காலி செய்துவிட்டுத் தென்காசிக்குப் போக வேண்டியவர்கள்தான். அதுவரைக்குமாவது நீ நினைத்த அன்றைக்கு டாக்ஸி பிடித்து வந்து, உன் சாவியைப் போட்டுக் கதவைத் திறந்து, உன் அறைக்குள் போய்ப் படுக்க வேண்டும். யாரிடமும் அனுமதி கேட்டுக்கொண்டு நீ வரக் கூடாது. எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

மலை விரல்கடை அளவு வீங்கியிருக்கிறது என்று போன வாரம் சொன்னாய். வீக்கம் வடிந்ததா? பதில் எழுது. தமிழில் எழுத வராவிட்டால் குரலில் பேசி அனுப்பு.

என்றும் உன் நினைவாக,
அம்மா பானுமதி


முவைலா, ஷார்ஜா
டிசம்பர் மூன்றாம் வாரம்

விஷால் கண்ணுக்கு,

முதலில் நீ நன்றாக இருக்கிறாயா என்று கேட்க வேண்டும். கேட்டதாக வைத்துக்கொள். நேற்று ராத்திரி நீ பேசியதைக் கேட்டபோது உனக்கு ஒரு குறையும் இல்லை என்று தெரிந்தது. ஆனால் இங்கே ஒரு குளறுபடி நடந்துவிட்டது. ஊருக்கெல்லாம் கணக்குச் சொல்லிக்கொடுக்கிற நான் சொந்தப் பிள்ளையின் கணக்கில் கோட்டை விட்டுவிட்டேன்.

உன் பிப்ரவரி டிக்கெட்டைப் பற்றிப் பேச அப்பா கலீலுர் ரஹ்மானிடம் போயிருக்கிறார். அவரை உனக்கு நினைவிருக்கும். அப்பா கம்பெனியில் எல்லாருடைய விசா வேலையும் பார்க்கிற காயல்பட்டினத்துக்காரர், சின்ன வயதில் உனக்கு அடையாள அட்டை எடுக்க அழைத்துப்போய் ஜூஸ் வாங்கிக் கொடுத்தவர். தம்பி எப்ப நாட்டை விட்டுப் போனது என்று கேட்டிருக்கிறார். ஆகஸ்டில் என்று அப்பா சொன்னார். கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, ஆகஸ்டு இல்ல நாகலிங்கம் சார், ஜூன் கடைசி என்று சொல்லியிருக்கிறார்.

ஜூன் கடைசியில் நாம் மூன்று பேரும் உன் சித்தி மகள் சுஷ்மிதா கல்யாணத்துக்குத் தென்காசி போனோமே, அதைத்தான் சொல்கிறார். கல்யாணம் முடிந்து, பிரெஞ்சு விசாவுக்காக நீ அங்கேயே தங்கி, ஆகஸ்டில் சென்னையிலிருந்தே தீவுக்கு ஏறிவிட்டாய். நடுவில் ஷார்ஜாவுக்கு நீ வரவே இல்லை. நீ தீவுக்குப் போன நாளிலிருந்து நான் எண்ணிக்கொண்டிருந்தேன். அவர்களோ நீ ஷார்ஜா ஏர்போர்ட்டில் முத்திரை குத்தி வெளியே போன நாளிலிருந்து எண்ணுகிறார்கள். ஊருக்குப் போவதை வெளியே போவதாக நம்மில் யார் நினைக்கிறோம்? வருஷா வருஷம் போகிறோம், ஊறுகாயும் அப்பளமும் கட்டிக்கொண்டு வருகிறோம். அது கணக்கில் வரும் என்று என் புத்திக்குக் கொஞ்சமும் எட்டவில்லை.

அப்பா போனில் சொன்னதும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. போனைக் கலீல் வாங்கிப் பேசினார். நம்ம ஆளுங்க எல்லாருக்கும் இதே வியாதிதாங்க்கா, ஊருக்குப் போறத நீங்க லீவுங்கிறீங்க, கம்ப்யூட்டர் அத எக்ஸிட்டுங்குது, வருஷத்துக்கு ரெண்டு குடும்பமாவது இப்படி எங்கிட்ட வந்து நிக்கும் என்றார். நம்மைப் போல வேறு இரண்டு குடும்பம் இருக்கிறது என்று கேட்டபோது ஒரு அற்ப சந்தோஷம் வந்தது. அப்புறம் கெடு எப்போது என்று கேட்டேன். டிசம்பர் முடியும் முன்னால் பையன் வந்து இறங்கிவிட வேண்டும் என்றார்.

அப்பா முதல்முறையாகப் பாத்துக்கிடலாம் என்று சொல்லவில்லை. மத்தியானச் சாப்பாட்டைக் கூடத் தள்ளி வைத்துவிட்டு டிக்கெட் போட்டார். வருகிற வெள்ளிக்கிழமை, மொரீஷியஸ் வழியாக. ஞாயிற்றுக்கிழமை திரும்பிப் போகவும் சேர்த்தே போட்டிருக்கிறார். உன் போனுக்கு வந்திருக்கும், பார்த்துக்கொள்.

அப்பா டிக்கெட் போட்டு முடித்த அந்தச் சாயங்காலம்தான் உன் மலையும் வாயைத் திறக்க வேண்டுமா? ருக்கையா ஓடி வந்து, பானுக்கா கேமராவப் போடுங்க என்றாள். நீ அனுப்பி வைத்த அந்தக் கேமரா பக்கத்தை நானும் அவளும் தினமும் பார்க்கிறோம், பாதி நாள் மேகம்தான் தெரியும். அன்றைக்கு மேகம் விலகியிருந்தது. கறுத்த சரிவில் நீளமாக ஒரு கீறல், கீறல் நெடுக வரிசையாகச் சிவப்பு ஊற்றுகள். வெடிக்கவில்லை, கல் பறக்கவில்லை. கொதித்துப் பொங்கி, சரிவில் மெதுவாக வழிந்து போய்க்கொண்டிருந்தது. சத்தமில்லாத கேமரா என்பதால் இன்னும் பயமாக இருந்தது. டியூஷன் பிள்ளைகளையும் கூப்பிட்டுக் காட்டினேன். எங்க விஷால் அண்ணன் அங்கதான் வேல பாக்கான் என்று நான் சொன்னபோது என் குரல் எனக்கே பெருமையாகக் கேட்டது. இந்தப் பெருமையை வைத்துக்கொண்டு என்னைப் பிறகு மடக்காதே.

பிறகு நீ பேசினாய். உனக்குத் தலைகால் புரியவில்லை. முதலில் தரை உப்பியது, பிறகு இடைவிடாமல் அதிர்ந்தது, அதை வைத்தே எங்கே கிழியும் என்று முன்கூட்டிச் சொன்னீர்கள், சொன்ன இடத்திலேயே கிழிந்தது என்று நீ மூச்சு விடாமல் பேசினாய். மலையைச் சுற்றி நிற்கும் பெரிய பழைய பாறைச் சுவருக்குள்தான் நெருப்புக் குழம்பு ஓடுகிறது, அது கடலுக்கு இறங்கும் பக்கத்தில் வீடு வாசல் கிடையாது, ஆபத்தில்லை என்றாய். நம்புகிறேன். சின்ன வயதில் பல் விழுந்தபோதும் நீ இதே குரலில்தான் என்னைக் கூப்பிட்டுக் காட்டினாய்.

அதனால்தான் கேட்கிறேன். ஆபத்தில்லை என்று நீயே சொன்ன மலை மூன்று நாள் உன்னை விட்டால் கெட்டுப்போகாது. வெள்ளி வா, ஞாயிறு போ. உனக்கு அது எவ்வளவு பெரிய வேளை என்று தெரியாமல் கேட்கவில்லை. ஆட்கள் குறைவு, மழைக்காலம், முத்துசாமி அம்மாவின் வெனிலாத் தோட்டத்துக்குப் பின்னால் நீ நட்டு வைத்த இரண்டு கருவிகளின் பேட்டரியை மழையில் தினமும் போய்ப் பார்க்க வேண்டும், எல்லாம் சொல்லிவிட்டாய். அந்த மூன்று நாளைக்கு வேறு யாராவது பார்க்க மாட்டார்களா? கேட்டுப் பார். வெட்கப்படாதே.

உன் அறையில் படுக்கையை மாற்றிப் போட்டுவிட்டேன். அப்பா உனக்காக நெய்மீன் சொல்லி வைத்திருக்கிறார். ஏல, வந்துருல. எனக்கு வேறு எப்படிக் கெஞ்சுவது என்று தெரியவில்லை.

உன் வரவைப் பார்த்திருக்கும்
அம்மா


முவைலா, ஷார்ஜா
ஜனவரி கடைசி

அன்பு மகன் விஷாலுக்கு,

நலமாக இரு. இதை எழுத இத்தனை நாள் ஏன் ஆயிற்று என்று உனக்கே தெரியும். போனில் சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று நான் கேட்டதும் நீ பதில் சொன்னதும் பேச்சில் சேராது. பேச வேண்டியதை இப்போதுதான் எழுதுகிறேன்.

அந்த வியாழக்கிழமை மத்தியானம் நீ பேசியபோது நான் மீனைக் கழுவிக்கொண்டிருந்தேன். அம்மா, கீழே இருக்கிற ரெண்டு கருவியும் நகர ஆரம்பிச்சிருக்கு என்றாய். சுவருக்குள்ளே அல்ல, சுவருக்கு வெளியே, ஊருக்கு மேலேயே தரை சாய்கிறது, அதைக் காட்டுவது அந்த இரண்டு கருவிகள் மட்டும்தான், நான் இப்ப கிளம்பினா மலைக்குக் கண்ணு இருக்காதும்மா என்றாய். உன் குரலில் முந்தின தடவை இருந்த துள்ளல் இல்லை. அது எனக்குக் கேட்டது. கேட்டும் நான் போனை வைத்துவிட்டேன்.

கோபம் என்றால் சின்னக் கோபம் இல்லை. பெற்றவள் வேண்டாம், பிறந்த வீடு வேண்டாம், பாறைக்குக் காவல் இருக்கப் போய்விட்டான் என்று அப்பாவிடம் கத்தினேன். பாவம் அவர், அந்த மீனை வாங்கிக் கழுவி, அவரே மசாலா தடவினார். அவன் வராதது நமக்கு நஷ்டம், வந்திருந்தா வேற யாருக்கோ நஷ்டம் என்று மட்டும் சொன்னார். அன்றைக்கு எனக்கு அது காதில் ஏறவில்லை. வெள்ளிக்கிழமை விமானம் உன் இருக்கையைக் காலியாகவே கொண்டு வந்து இறக்கியது.

சனிக்கிழமை காலையில் ருக்கையா வந்து கூப்பிட்டபோதும் கேமராவைப் பார்க்க மாட்டேன் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தேன். அவள்தான் பார்த்துவிட்டு, ஊருக்கு மேலேயே கிழிஞ்சிருச்சுக்கா, தோட்டத்துக்குள்ள எறங்குது என்றாள். எனக்கு உயிரே இல்லை. எத்தனை தடவை உன் போனுக்கு அடித்தேன் என்று கேட்காதே. அப்பா வாசலுக்கும் பால்கனிக்குமாக நடந்துகொண்டே இருந்தார்.

சாயங்காலம் உன் போனிலிருந்து வீடியோ அழைப்பு வந்தது. எடுத்தால் நீ இல்லை. வெள்ளை முடியும் பெரிய பொட்டுமாக ஒரு அம்மா. பார்த்ததுமே தெரிந்துவிட்டது, முத்துசாமி அம்மா. அவர்கள் அவர்கள் பாஷையில் என்னவோ சொன்னார்கள். நான் என் பாஷையில் பிள்ளை எங்கே, பிள்ளை எங்கே என்று கேட்டேன். இருவருக்கும் ஒரு சொல்கூடப் புரியவில்லை. அவர்கள் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார்கள். பிறகு போனைத் திருப்பினார்கள். ஒரு பள்ளிக்கூடத்துக் கூடம், நிறையப் பாய்கள், நிறைய ஜனங்கள். நடுவில் நீ தரையில் உட்கார்ந்து, மேலெல்லாம் சேறும் சாம்பலுமாக, சோறும் பருப்பும் தின்றுகொண்டிருந்தாய். உனக்குத் தெரியவே இல்லை. உன் தட்டுக்குக் கிட்டே போனைக் கொண்டுபோய்க் காட்டினார்கள். தட்டு காலியானதும் இன்னும் ஒரு கரண்டி சோறு வைத்தார்கள், அதையும் காட்டினார்கள். நான் இந்தப் பக்கம் உட்கார்ந்து அழுதேன். அவர்களும் அழுதார்கள். அதற்குப் பிறகுதான் நீ நிமிர்ந்து பார்த்து, அம்மாவா என்று கேட்டாய்.

அப்புறம் நீ சொல்லித்தான் எனக்கு எல்லாம் தெரிந்தது. உன் கருவிகள் காட்டியதை வைத்து வெள்ளிக்கிழமை சாயங்காலமே அந்தத் தெரு முழுவதையும் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டி வந்துவிட்டீர்கள். மறுநாள் விடியும்போது வெனிலாத் தோட்டத்தில் தரை பிளந்தது. குழம்பு வீட்டின் பின்பக்கத்தைத் தின்றுவிட்டு, சாலையைக் கடந்து, கடலுக்குப் போய்விட்டது. நீ தங்கியிருந்த அறை போயிற்று, உன் துணிமணிகள் போயின, நான் கொடுத்துவிட்ட இட்லிச் சட்டியும் போயிற்று. முத்துசாமி அம்மா மட்டும் பருப்புக் கரண்டியோடு முழுசாக உட்கார்ந்திருக்கிறார்கள். நீ அந்த விமானத்தில் ஏறியிருந்தால் என்று நினைத்துப் பார்க்கிறேன். இங்கே நெய்மீன் குழம்பு சாப்பிட்டிருப்பாய். அதற்கு மேல் நினைக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

இனி உன் விசாவைப் பற்றி. மலை அடங்கி நீ நகர்வதற்குள் டிசம்பர் கெடு முடிந்துவிட்டது. அப்பா என்னிடம்கூடச் சொல்லாமல், தாமதமாக உள்ளே வர அனுமதி கேட்டு கலீல் மூலமாக எழுதிப் போட்டிருந்தார். எரிமலைப் படங்களையும், உன் நிலையத்திலிருந்து வாங்கின கடிதத்தையும் சேர்த்தே அனுப்பினாராம். காரணம் போதாது என்று போன வாரம் பதில் வந்துவிட்டது. அவர்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. இருபத்தாறு வருஷம் எங்களை நன்றாகத்தான் வைத்திருக்கிறார்கள். அவர்கள் சட்டம் அவர்களுக்கு. கலீல்தான் தன் வீட்டில் இழவு விழுந்தது போல உட்கார்ந்திருந்தார். என் கையால முதல் கார்டு எடுத்த புள்ளக்கா என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

அன்று ராத்திரி அப்பா உன் அறையில் விளக்கைப் போட்டு உட்கார்ந்திருந்தார். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். பாத்துக்கிடலாம் என்றார். இந்தத் தடவை அவருக்கே நம்பிக்கை இல்லை என்று தெரிந்தது. அதனால் நான் சொன்னேன், ஆமா, பாத்துக்கிடலாம் என்று. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அதை நான் சொன்னது அதுதான் முதல் தடவை.

ஏப்ரலில் உனக்கு லீவு தருகிறார்கள் என்றாய். கலீல் அதற்கு வழி சொன்னார். விசிட் விசா. எல்லாரும் வருகிற வழிதான். நேற்று வீட்டுக்கு வந்து, லேப்டாப்பைத் திறந்து, டீயைக் குடித்துக்கொண்டே உன் விவரங்களை நிரப்பினார். பிறந்த ஊர் என்று கேட்டது. ஷார்ஜா என்று போட்டார். வருகையின் காரணம் என்று கேட்டது. கொஞ்சம் யோசித்தார், என் முகத்தைப் பார்க்காமல் சுற்றிப் பார்க்க என்று போட்டார். நான் டீக்கு இன்னும் சர்க்கரை வேண்டுமா என்று கேட்டேன்.

ஆகவே வா, கண்ணா. வந்து சுற்றிப் பார். நீ படித்த பள்ளிக்கூடத்துக்குப் புதுப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள், அதைக் காட்டுகிறேன். நீ சைக்கிளில் விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்ட பார்க்கிங்கைக் காட்டுகிறேன். உன் அறையைக் காட்டுகிறேன். உன் சாவி இன்னும் உன்னிடம்தான் இருக்கிறது, அது தீயில் போகவில்லை என்றாய். பூட்டை மாற்ற வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன். அனுமதி வாங்கிக்கொண்டு வந்தாலும் கதவை நீயேதான் திறக்க வேண்டும். நான் உள்ளே இருந்தாலும் திறக்க மாட்டேன்.

முத்துசாமி அம்மாவுக்கு ஒரு நூல் புடவையும் புது இட்லிச் சட்டியும் வாங்கி வைத்திருக்கிறேன். நீ போகும்போது கொண்டு போ. உன் அம்மா அவர்களுக்கு என்ன கடன் பட்டிருக்கிறாள் என்று அவர்கள் பாஷையில் எடுத்துச் சொல்லத் தெரிகிற அளவுக்காவது அந்தப் பாஷையைப் படி. கருவியைப் பார்க்கப் போகும்போது நல்ல பூட்ஸ் போடு. புதுக் குழம்பு மேலே கறுத்துக் கிடந்தாலும் உள்ளே பல மாதம் சூடு இருக்கும் என்று நீதான் சொன்னாய், அவசரப்பட்டுக் கால் வைக்காதே.

இங்கே சாயங்காலம் மக்ரிப் பாங்கு சொல்லும்போது நான் விளக்கேற்றுவேன், உனக்குத் தெரியும். அங்கேயும் அதே மணிதான். அந்த நேரத்துக்குக் கொஞ்சம் வேலையை நிறுத்திவிட்டு, சூடு இல்லாத தரையாகப் பார்த்து நில். நீ நிற்கிறாய் என்று நினைத்துக்கொண்டுதான் தீப்பெட்டியை எடுப்பேன். நல்லா இரு, என் ராசா.

உனக்காகக் கதவுக்கு உள்பக்கம் காத்திருக்கும்
அம்மா பானுமதி